நாற்பது நாள் பால்

மகன், உனக்கு என் ஸலாமும் உன் மாமியின் துஆவும் வந்து சேரட்டும். கொழும்பிலிருந்து நீ எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "மாமா, நிச்சயம் பண்ணப் போன இடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள், கல்யாணம் ஏன் நின்றது?" இப்படி ஒரு வரியில் கேட்கிற பிள்ளையை நான் வளர்க்கவில்லை, நீ வேலை பார்க்கிற துறைமுகத்துக் கந்தோர்தான் உன்னை இப்படிப் பழக்கியிருக்கிறது. நம் குடும்பத்தில் ஒரு கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னவர் யாரும் கிடையாது. ஆகையால் வேலை முடிந்து, தேத்தண்ணி குடித்து, கடல் தெரிகிற ஓர் இடமாகப் பார்த்து உட்கார்ந்து இதை வாசி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்காதே. நானே இதை அவசரமில்லாமல்தான் எழுதுகிறேன். கற்பிட்டியில் இன்று காற்று விழுந்துவிட்டது. களப்புத் தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கிறது. அக்கரைத் தென்னைகள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்று தூங்குகின்றன. எது மேலே இருக்கிற உலகம், எது கீழே இருக்கிற உலகம் என்று கருவாட்டு வாடிக் கூரையில் இருக்கிற காகத்துக்கே சந்தேகம் வந்திருக்கிறது.

உன் மாமா படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை என்று மாஸ்டரே என் வாப்பாவுக்கு, அதாவது உன் மூத்தாப்பாவுக்கு, சொல்லி அனுப்பினார். துரத்திவிட்டார் என்று உன் மாமி சொல்வது பொறாமை. ஆனால் வம்சம் என்கிற படிப்பில் மன்னாருக்கும் சிலாபத்துக்கும் இடையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். கருவாட்டுச் சிப்பத்தோடு எந்த ஊருக்குப் போனாலும் "உங்கட மூத்தாப்பாட வாப்பா பேரென்ன?" என்று கேட்ட பிறகுதான் சிப்பத்தை இறக்குவேன். ஒரு வீட்டில் வாங்கிய பெயரை அடுத்த வீட்டில் கொடுப்பேன். அங்கே கிடைத்ததை அதற்கடுத்த ஊருக்குக் கொண்டுபோவேன். பிரிந்து கிடந்த எத்தனை குடும்பங்கள் என் வாயால் ஒன்று சேர்ந்து பெருநாளுக்குப் பெருநாள் பலகாரம் மாற்றிக்கொள்கின்றன! மூத்தாப்பாவுக்கு மேலே பெயர் தெரியாத வீடுகளும் உண்டு. அப்படியான வீட்டிலிருந்து நான் வெறுமனே எழும்பி வந்ததில்லை. ஒரு மாலுமியையோ வைத்தியரையோ அவர்களுக்கு மேலே ஏற்றிவைத்துவிட்டுத்தான் வருவேன். நம் முதல் மூத்தாப்பா ஏமனிலிருந்து வந்த கப்பலுக்கு ஆதியில் பாய்மரம் மூன்று. புத்தளத்தில் சொல்லும்போது நாலானது. போன நோன்புப் பெருநாளில் ஏழாகிவிட்டது. நல்ல மரமென்றால் வளரும்தானே.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன் வாப்பா உன்னைக் காணாமலே காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு கனமூலையில், சித்திரை மழை கொட்டிய ஓர் இரவில், உன்னைப் பெற்ற கையோடு உன் உம்மாவும் மௌத்தானாள். அவள் என் ஒரே தங்கச்சி. அந்த நேரத்தில் நான் மன்னார்ப் பக்கம் முத்துக் குளிக்கிற சலாபத்தில் இருந்தேன். கடலுக்கடியில் சிப்பி மூச்சு விடுவதை இந்தக் காதால் கேட்டவன் நான். (நீங்கள் ஒருநாளும் முங்கவில்லை, கரையில் இருந்து சோறு ஆக்கினீர்கள் என்பாள் உன் மாமி. சோறு ஆக்கினவனும் சலாபத்தில் இருந்தவன்தான்.) சேதி என்னைத் தேடிப் பிடித்து, நான் கனமூலைக்கு ஓடிவந்து சேர நாற்பது நாள் ஆகிவிட்டது. அத்தனை நாளும் உன்னை வைத்திருந்தவர்கள் மரைக்கார் வீட்டார். பள்ளிவாசல் பொறுப்பும் பெரிய தென்னந்தோட்டமும் உள்ள அந்த வீட்டில், மரைக்காரின் பெண்சாதியும் உன் உம்மாவுக்குச் சில நாள் முந்தி ஒரு பெண் பிள்ளை பெற்றிருந்தார். அந்தப் பிள்ளைதான் நஃபீஸா. உன்னை என் கையில் தந்தபோது நீ கொழுகொழு என்றிருந்தாய். தாயில்லாத பிள்ளை இப்படி இருக்குமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

உன்னை மடியில் வைத்துக்கொண்டு பாய் வத்தையில் களப்பைக் கடந்தேன். நடுத் தண்ணீரில் நீ அழ ஆரம்பித்தாய். எனக்குத் தாலாட்டுத் தெரியாது. ஆகவே கதை சொன்னேன். மகனே, நீ அநாதை இல்லை, மரைக்கார் வீட்டு அம்மா உன்னை நாற்பது நாள் தன் மார்பில் போட்டுப் பாலூட்டினார், அதுவும் தன் பிள்ளைக்கு முன்னால் உனக்கு, தலைமாட்டில் ஒரு வெள்ளி விளக்கு எரிந்தது, என்றெல்லாம் சொன்னேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாய். அதுவரைக்கும் என் கதையை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. மீன்கள் கூட வத்தையோடு ஒட்டி நீந்தி வந்தன என்று சொன்னால் நீ சிரிப்பாய். வந்தன. கரையில் இறங்கும்போது அது என் கதையாக இல்லை; நடந்த சங்கதியாகிவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கரையில் நான் அதைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. உன்னை யாராவது தாயில்லாப் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தால், "எந்த வீட்டுப் பால் குடிச்ச பிள்ளை தெரியுமா?" என்று எழும்பிவிடுவேன். நீ நிமிர்ந்து நடந்தது அந்தப் பாலில்தான்.

வருஷா வருஷம் உன் உம்மா அடங்கியிருக்கிற கபுறைக் காண நாம் கனமூலைக்குப் போனோம். மரைக்கார் உன்னைப் பார்த்தார், உன் நடையைப் பார்த்தார், நீ ஓதுவதைக் கேட்டார். நஃபீஸாவின் ஜன்னல் சீலை காற்றில்லாத நாளிலும் ஏன் அசைந்தது என்பதை நீதான் எனக்குச் சொல்லவேண்டும். கடைசியில் மரைக்காரே ஆள் அனுப்பினார். நாங்கள் கற்பிட்டியிலிருந்து இரண்டு வத்தை நிறையச் சொந்தக்காரரோடு போய் இறங்கினோம். இந்த உலகச் சண்டைக் காலத்தில், கூப்பன் அரிசி வாங்கிச் சாப்பிடுகிற நாளில், மரைக்கார் எங்கிருந்தோ சம்பா அரிசி கொண்டுவந்து நெய்ச்சோறு ஆக்கியிருந்தார். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணுகிற சகனில் என்னை நிக்காஹ் எழுதவேண்டிய பள்ளி லெப்பைக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். நெய் வாசம், சந்தனவாசம், மரைக்காரின் கூட்டாளிகள், அத்தனை புதுக் காதுகள். கனமூலையில் நான் இந்தக் கதையை அதுவரைக்கும் சொன்னதில்லை, மகன். தன் வீட்டு அம்மாவைப் பற்றி அந்த வீட்டுக்கே சொல்வது மரியாதையில்லை என்று விட்டிருந்தேன். அன்றைக்கு நெய்ச்சோறு என் நாக்கை எடுத்துக்கொண்டது. "நாம புதுச் சம்பந்தமா செய்யிறோம்? இந்த மாப்பிள்ளை இந்த வீட்டுப் பாலை நாற்பது நாள் குடிச்ச பிள்ளை!" என்றேன்.

லெப்பையின் பிடிச் சோறு வாய்க்கும் சகனுக்கும் இடையில் நின்றது.

"நானா, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க," என்று அண்ணன் முறை வைத்தே கேட்டார். ஒருவர் இன்னொருதரம் கேட்டால் நான் சும்மா விடுவேனா? வெள்ளி விளக்கோடு, ராவும் பகலுமாக, முதலிலிருந்து சொன்னேன். நம் ஆட்கள் நாலு பக்கமும் தலையாட்டினார்கள். "ஓம் ஓம், ஊரறிஞ்ச கதை," என்றார் உன் பெரிய மச்சான். லெப்பை கையைக் கழுவிக்கொண்டார். "மரைக்கார், மன்னிக்கணும். ஒரு பிள்ளை ஒரு பொம்பிளையிட்ட வயிறு நிறைய அஞ்சு தரம் பால் குடிச்சாலே அவ அவனுக்கு உம்மா. அவட பிள்ளை இவனுக்குச் சகோதரி. இந்த நிக்காஹ் ஹராம். நான் எழுத மாட்டன்." எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தச் சட்டம் எனக்குத் தெரியாமலில்லை. சின்ன வயதில் ஓதியதுதான். ஆனால் கதையும் சட்டமும் என் தலைக்குள் வேறு வேறு அறையில் இருந்தன, நடுவில் கதவு இருக்கவில்லை. "நாற்பது எண்டது ஒரு பேச்சுக்குத்தான்," என்றேன். "அப்ப எத்தனை நாள்?" "ஒரு முப்பது..." "நானா, கருவாடு விக்க வந்தீங்களா? வெலையக் கொறைக்கிறீங்க!" யாரோ சிரித்தார்கள். மரைக்கார் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது வத்தையில் எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். உன் மாமி மட்டும், "உங்கட வாய்க்குப் புத்தளத்துச் சந்தையில பூட்டு விப்பாங்களா எண்டு கேட்டு வாங்கணும்," என்றாள். பிறகு, நான் பேசாமல் இருப்பதைக் கண்டு அவளுக்கே பயம் வந்து, பாயைப் பார்த்தபடி சொன்னாள்: "உள்ளுக்கு நான் அந்தப் புள்ளைக்கிட்டப் போனன். அழல்ல. 'மாமாட கதையில எவ்வளவு நடந்தது எண்டு தேடிப் பாக்கச் சொல்லுங்க மாமி, அதுவரைக்கும் நான் இருக்கிறன்' எண்டு சொன்னா." நான் அந்த வார்த்தையை நெஞ்சில் முடிந்துகொண்டேன். என் கதையை இதுவரைக்கும் நல்லது என்றவர்கள் உண்டு, பொய் என்றவர்கள் உண்டு. எவ்வளவு நடந்தது என்று கேட்ட முதல் ஆள் அவள்.

மறுவாரம் மரைக்கார் தனியாக நம் வாடிக்கு வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் கருவாட்டு வாசத்துக்குள் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார். கோபிப்பார் என்று நான் பதுங்கி நின்றேன். அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது, மகன். "அந்த வெள்ளி விளக்குக் கதையை இன்னொருக்கா சொல்லுங்க நானா," என்றார். "அவ மௌத்தாகி எத்தனையோ வருஷம். அவவப் பத்தி நான் அறிஞ்சதெல்லாம் முடிஞ்சி போச்சு எண்டுதான் நெனச்சன். ஆம்பிளைக்கு என்ன தெரியும், நான் அப்ப பகலெல்லாம் தோட்டத்தில. இப்படி ஒண்டு செஞ்சிட்டு எனக்கே சொல்லாம போயிருக்கா." நான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "மகளுக்கு வேற எடம் பாக்கலாம். எனக்கு இது போதும்," என்றார். அன்றைக்குத்தான், மகன், நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கதை பொய்யானால் உனக்கு நஃபீஸா கிடைப்பாள், இந்த மனிதர் பெண்சாதியை இன்னொரு தரம் இழப்பார். கதை மெய்யானால் அவர் வைத்திருப்பார், நீங்கள் இரண்டு பேரும் இழப்பீர்கள். எது மெய் என்று எனக்கே தெரியாது. இத்தனை வீட்டு வம்சத்தை விரல் நுனியில் வைத்திருந்தவனுக்குத் தன் மடியில் வளர்ந்த பிள்ளை எதைக் குடித்து வளர்ந்தது என்று தெரியவில்லை.

லெப்பை நேர்மையான மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நம் சொந்தக்காரரை எல்லாம் பள்ளியில் இருத்தி ஒவ்வொருவராகக் கேட்டார். "நீங்க கண்டதா, கேட்டதா?" "கேட்டது." "ஆரிட்ட?" பெரிய மச்சான் உன் சாச்சாவைக் காட்டினார், சாச்சா வத்தைக்காரச் சம்மாட்டியைக் காட்டினார், சம்மாட்டி என்னைக் காட்டினார். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் நுனியில் நான் தொங்கினேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். கடைசியில் லெப்பை என்னைக் கேட்டார்: "நீங்க ஆரிட்டக் கேட்டீங்க?" "நான் அப்ப சலாபத்தில," என்றேன். "அப்ப ஒருத்தரும் காணல்ல," என்றார். உடனே பின்னாலிருந்து ஒருவர், "பிள்ளை பெற வச்ச ஒஸ்தா மாமி இன்னும் ஹயாத்தோடதான் இருக்கா. எலுவன்குளத்தில மகளோட. அவ கண்டிருப்பாவே," என்றார். லெப்பை யோசித்து, என்னோடு மோதினாரையும் அனுப்பிவைத்தார். நான் அங்கே போய் என்ன கேட்கிறேன், அவள் என்ன சொல்கிறாள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. மோதினார் பாங்கு சொல்வதைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காத மனிதர்.

புத்தளத்திலிருந்து மாட்டு வண்டியில் வடக்கே போனோம். உப்பளங்கள் விடியலில் கண்ணாடி கண்ணாடியாகக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு தனி வானம். பட்டாளத்து லொறிகள் இரண்டு எங்களைப் புழுதியில் குளிப்பாட்டிவிட்டுப் போயின. பிறகு ரோட்டு மெலிந்தது, காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. வண்டிக்காரன் மாட்டின் காதில் எதையோ ஓதினான். நான் மோதினாருக்கு நம் ஏமன் மூத்தாப்பாவின் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். ஆற்றுத்துறையில் தண்ணீர் வண்டிச் சக்கரத்தைத் தொட்டபோது அவர் முதல்முதலாகத் திரும்பி, "எத்தனை பாய்மரம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, மகன். என் ஆயுளில் முதல் தடவை.

எலுவன்குளத்தில் குளக்கட்டுக்குக் கீழே நெல் கதிர் விட்டிருந்தது. ஒஸ்தா மாமி வாசலில் பாயில் இருந்தாள். வயது போனாலும் குரல் போகவில்லை. நான் ஸலாம் சொல்லி ஊரைச் சொன்னதுமே ஆரம்பித்துவிட்டாள். "மரைக்கார் வீட்டு அம்மா பாலூட்டின பிள்ளைட மாமாவா? வாங்க வாப்பா! நாற்பது நாள்! நான்தானே பக்கத்தில இருந்தன். வெள்ளி விளக்க நான்தான் புடிச்சன். கை கடுத்துப் போச்சு!" அந்த வெள்ளி விளக்கை நான் களப்பு நடுவில் வைத்துச் செய்தவன். கருவாடு போன ஊருக்கெல்லாம் என் கதையும் போயிருக்கிறது. இந்தக் கிழவியின் ஞாபகத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருந்ததை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. "மாமி, விளக்கு நான் சொன்னது. உண்மையில விளக்கு இல்ல," என்றேன். "நீ அங்க இருந்தியா?" "இல்ல." "அப்ப வாயப் பொத்து! கண்டவ நானா, நீயா?" மோதினார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உன் கல்யாணம் அந்த நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். நான் செய்த விளக்கு என் கண்ணுக்கு முன்னால் சாட்சி சொன்னது.

அப்போது உள்ளேயிருந்து, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே, அவள் மகள் ஆமினா சொன்னாள்: "உம்மா, பாலும் இல்ல விளக்கும் இல்ல. அது எங்கட ஆடு."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அவள் வெளியே வரவில்லை. முக்காடு மட்டும் கதவோரம் தெரிந்தது. "நான் வளத்த வெள்ளாடு. அப்பதான் குட்டி போட்டிருந்திச்சு. அந்த அம்மாக்குப் பிள்ளை பெத்ததிலிருந்து காய்ச்சல், பால் ஒரு சொட்டு இல்ல. அவட பிள்ளைக்கும் இல்ல. உம்மா என்ட ஆட்டத்தான் இழுத்திட்டுப் போனா. ரெண்டு பிள்ளைக்கும் காலையும் மாலையும் ஒட்டக் கறந்தா. என்ட குட்டிக்கு மிச்சம் வைக்கல்ல. குட்டி செத்துப் போச்சு." சுளகுச் சத்தம் நின்றது. "நான் அப்ப சின்னவ. குட்டிய நானேதான் குழி தோண்டிப் புதைச்சன். அத நான் மறப்பனா?" கிழவி வயலைப் பார்த்தாள். "ஓம்... ஒரு வெள்ளாடு நிண்டது," என்றாள் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "உன்ட கதைதான் நல்லா இருந்திச்சு, வாப்பா," என்றாள். மோதினார் எழும்பி, ஆமினா இருந்த பக்கம் திரும்பி, நிதானமாகச் சத்தியம் கேட்டார். அவள் செய்தாள்.

இதிலிருந்து நான் கற்றதை உனக்குச் சொல்லிவைக்கிறேன், ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் கற்ற பெரிய பாடம் இது. நீயும் ஒருநாள் வம்சம் தேடிப் புறப்படுவாய், உன் இரத்தம் அப்படி. அப்போது பெருமை அடைந்தவர்களிடம் மட்டும் கேட்காதே. அவர்களுக்கு ஞாபகம் இருக்காது, ருசிதான் இருக்கும். அந்தக் கதையில் எதையாவது பறிகொடுத்தவர் யாரென்று பார்த்து அவரிடம் போ. அவர் எதையும் அழகாக்க மாட்டார். இன்னொன்று, கேட்க வந்த இடத்தில் உன் கதையை முதலில் சொல்லிவிடாதே. சொன்னால் அதைத்தான் உனக்குத் திருப்பித் தருவார்கள், கொஞ்சம் நெய் ஊற்றி.

புறப்படும்போது ஆமினா கதவோரத்திலிருந்து இன்னும் ஒரு சங்கதி சொன்னாள். மோதினார் வண்டிக்குப் போய்விட்டார், நான் மட்டும்தான் கேட்டேன். "ராவையில அந்த ஆம்பிளைப் பிள்ளை ஆட்டுப் பாலத் துப்பித் துப்பி அழும். அந்த அம்மா காய்ச்சலோட எழும்பி, பால் இல்லாட்டியும் பரவாயில்ல எண்டு, தன்ட மார்பில போட்டுக்கொள்ளுவா. அது சும்மா வாயில வச்சிக்கிட்டே தூங்கிப்போகும். அவ அழுவா. 'என்னால ஏலுமானது இவ்வளவுதான் மகன்' எண்டு சொல்லி அழுவா." அதைச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பும் வழியெல்லாம் காட்டில் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. மோதினார் தூங்கினார். நான் யாருக்கும் எந்தக் கதையும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் கலங்காமல் கொண்டுவரவேண்டும் என்று, நிறைந்த பானையைத் தலையில் வைத்தவன் போல உட்கார்ந்து வந்தேன்.

பள்ளிக்குப் போகுமுன் மரைக்காரிடம்தான் போனேன். தோட்டத்தில், தேங்காய் உரிக்கிற இடத்தில் நின்றார். விளக்கு இல்லை என்றேன். நாற்பது நாள் இல்லை, ஒரு நாளும் இல்லை என்றேன். ஆடு என்றேன். அவர் முகத்திலிருந்த வெளிச்சம் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு ஆமினா சொன்ன கடைசிச் சங்கதியை, ஒரு சொல் கூட்டாமல், அவள் குரலிலேயே சொன்னேன். மரைக்கார் கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்தார். "சுவருக்கு அந்தப் பக்கம் அவ அழுறது கேட்டிச்சு," என்றார். "எனக்குக் கேட்டிச்சு நானா. காய்ச்சல் எண்டு நெனச்சிட்டு நான் திரும்பிப் படுத்தன்." பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது விளக்க விடப் பெரிசு. ஊருக்கு ஆடு போதும். இத அந்த ரெண்டு பேருக்கும் மட்டும் சொல்லுங்க," என்றார். ஆகவே, மகன், கடிதத்தைக் கந்தோரில் யாருக்கு வேண்டுமென்றாலும் வாசித்துக் காட்டு, மறுக்கவில்லை. இந்த இரண்டு தாளையும் மட்டும் எடுத்து மடித்து வை. நஃபீஸாவுக்கு நீயே சொல். இவ்வளவு நல்ல கதையை ஊருக்குச் சொல்லாமல் நான் வைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்காதே. பல்லுக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது.

பள்ளியில் மோதினார் நடந்ததை நாலே வசனத்தில் சொல்லி முடித்தார். அவ்வளவு நல்ல பயணத்தை அப்படி வீணாக்கியவரை நான் கண்டதில்லை. உடனே ஒரு கெட்டிக்காரர் எழும்பி, "லெப்பை, ரெண்டு பிள்ளையும் ஒரே ஆட்டுப் பால் குடிச்சிருக்கு. அப்ப ஆட்டால சகோதரம் வராதா?" என்று கேட்டார். லெப்பை தாடியைத் தடவினார். "ஆட்டுப் பாலால உறவு வாறதெண்டா, நேத்து என்ட தேத்தண்ணியில பங்கு கேட்ட நீங்களும் எனக்குத் தம்பிதான். வராது. நிக்காஹ் நடக்கலாம்," என்றார். பள்ளிக்குள் சிரிக்கக்கூடாது என்று வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்கள். அன்றிலிருந்து கனமூலைப் பொடியன்கள் என்னைக் கண்டால் "மே" என்று கத்துகிறார்கள். கத்தட்டும். அது சாதாரண ஆடு இல்லை, அதன் கொம்பையும் காதையும் பற்றி ஆமினா சொன்னதை வைத்துப் பார்த்தால் அதன் முன்னோர் நம் மூத்தாப்பாவின் கப்பலில்தான் வந்திருக்கவேண்டும் என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தி வருகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த முதல் வெள்ளிக்கு நாள் வைத்திருக்கிறோம். நீ லீவு கேட்டு அதற்கு முந்தியே வந்துவிடு, உனக்கு ஒரு வேலை இருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் அழைப்பு மிக நெருங்கிய சொந்தத்துக்குத்தான் போகவேண்டும் என்பது நம் வழக்கம். அந்த முதல் அழைப்புக்காகச் சண்டை போட்டு ஆயுள் முழுக்கக் கதைக்காமல் செத்தவர்களை எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் யாருக்கு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மரைக்காரே சொல்லிவிட்டார்: எலுவன்குளத்துக்கு, ஆமினாவுக்கு, மாப்பிள்ளை தன் காலால் போய்ச் சொல்லவேண்டும் என்று. நானும் சரி என்றேன். அதற்குப் பிறகுதான் மாட்டிக்கொண்டேன். அழைக்கப் போனால் முறை சொல்லி அழைக்கவேண்டுமே. பால் தந்தவளல்ல, உம்மா என்று சொல்ல. கூடப் பிறந்த இரத்தமில்லை, ராத்தா என்று சொல்ல. உனக்காகக் குட்டியைப் பறிகொடுத்த சின்னப் பிள்ளைக்கு உன்னோடு என்ன முறை? லெப்பையிடம் கேட்டேன், கிதாபில் இல்லை என்றார். என் கைவசம் இருக்கும் அத்தனை வம்சத்தையும் மூன்று நாளாகப் புரட்டிப் பார்க்கிறேன், மகன். எந்த வீட்டிலும் அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. இட்டுக்கட்டவும் முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

ஆகவே நீயே போ. ஆற்றைக் கடந்து, குளக்கட்டில் ஏறி, அந்த வாசலில் நின்று, அவள் கதவோரம் வந்ததும் கூப்பிடு. முன்கூட்டி யோசிக்காதே. அந்த நேரத்தில் உன் வாயில் என்ன சொல் வருகிறதோ, அதை வந்து எனக்குச் சொல். நம் வம்சத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அதைத்தான் வைக்கப்போகிறேன். அதற்கு மேல் ஒரு எழுத்தும் நான் கூட்டமாட்டேன்.

உன் மாமா